ஜோடி சேரும் பாட்டு

அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு, தொழுவத்தில் ஒற்றையாய் நிற்கிற காளைக்கு ஜோடி தேடி வருகிறவர் அழகைக் கடைசியில்தான் பார்ப்பார். உயரமும் நடையும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை அதோடு ஒட்டி ஓட்டுகிற டிஜே, புது நடனப் பாட்டு வாங்கும்போது அவர் நிலைமையும் இதுதான்.

கோவையில் கல்லூரி விழாக்களுக்குப் போகும் டிஜே தம்பி ஒருவன் பீட்போர்ட் என்ற இணையதளத்தில் பாட்டு வாங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றையும் முழுசாகக் கேட்கவில்லை. தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல அங்கங்கே தட்டி, சில விநாடி கேட்டுவிட்டுத் தள்ளினான்.

அவன் முதலில் தேடியது பாட்டின் தலையையும் வாலையும். ஹவுஸ் என்கிற நடன இசை நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 தாள அடி ஓடும். 128 என்றே வைத்துக்கொள்வோம். நாலு அடி ஒரு பார். பாட்டு 32 பார் வெறும் தாளத்தோடு தொடங்கினால் 128 அடி, அதாவது சரியாக ஒரு நிமிடம். முந்தைய பாட்டின் வாலோடு இதை ஒட்டவைக்க அந்த ஒரு நிமிடம்தான் இடம். எடுத்ததும் குரல் வருகிற பாட்டு எவ்வளவு இனித்தாலும் ஒட்டுவது சிரமம். அதனால்தான் டிஜேக்களுக்கென்று நீட்டிய வடிவம் தனியாக விற்கிறார்கள்.

அடுத்தது சுருதி. இரண்டு பாட்டின் வேகத்தை ஒன்றாக்க இசைத்தட்டை 6 சதவீதம் வேகமாகச் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். மென்பொருள் சுருதியைப் பிடித்துவைத்து வேகத்தை மட்டும் மாற்றும். ஆனால் ரொம்ப இழுத்தால் தாளத்தின் கூர்மை மழுங்கும். எந்தச் சுருதி எதோடு சேரும் என்பதற்குக் கேமலாட் சக்கரம் இருக்கிறது. 24 சுருதிகளைக் கடிகாரம்போல 12 இடங்களில், இடத்துக்கு ஏ, பி என்று இரண்டிரண்டாக அடுக்கிய படம் அது. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு ஏழில் ஆறு சுரம் பொது. அதனால் 8ஏ-க்குப் பிறகு 9ஏ வந்தால் காது உறுத்தாது.

சரி, பாட்டு கண்ணில் படுவது எப்படி? பாதி, மற்ற டிஜேக்கள் வாசிப்பதைக் கேட்டுத்தான். ஓடுகிற பாட்டு எதுவென்று சொல்லும் ஷஸாம் செயலி, ஒலியில் தூக்கலாகத் தெரியும் அதிர்வெண் முகடுகளை மட்டும் எடுத்து, அவற்றுக்கு இடையிலான நேரத்தோடு ஜோடி ஜோடியாகக் குறித்துக்கொண்டு ஒப்பிடுகிறது. கூட்டத்தின் சத்தம் அதை அவ்வளவாகக் குழப்பாது. வெளிவராத பாட்டென்றால் மட்டும் கைவிரித்துவிடும். ஒன்று சிக்கினால் போதும், அதை வெளியிட்ட நிறுவனத்தின் மற்ற பாட்டுகளுக்குள் இறங்கிவிடுவான்.

கல்யாணங்களில் ஜமாப் மேளத்தோடு சேர்த்து வாசிக்கக் கேட்கிறார்கள். அங்கே இந்தக் கணக்கு நிற்காது. ஆள் அடிக்கிற தாளம் ஆட்டத்தின் சூட்டுக்கேற்ப ஏறி இறங்கும்.

அன்று மூன்று பாட்டு எடுத்தான். மூன்றாவது அவனிடமிருந்த எதோடும் சேராதது.

"இது எதுக்குடா?"

"நல்லா இருக்குதுங்கண்ணா. ஜோடி அப்புறம் தேடிக்கலாமுங்க."