கேஸ்கட் மாற்றும் முன் ஹெட்டையும் பிளாக்கையும் டிஸ்க் போட்டுத் தேய்க்காதீர்கள்

ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத கார் ஒன்று, ஆயில் லைட் எரிகிறது என்று எங்கள் பட்டறைக்கு வந்தது. கேஸ்கட்டில் கசிவே இல்லை. ஆயில் சம்ப்பை இறக்கிப் பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். முன்பு வேலை பார்த்தவர், பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த இடத்தை ஏர் கிரைண்டரில் உராய்ந்து தேய்க்கும் டிஸ்க் மாட்டித் தேய்த்திருக்கிறார். பிளாக்கின் முகம் பளபளவென்றுதான் இருந்தது.

அந்த டிஸ்க்குகளில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. தேய்க்கும்போது உதிர்கிற தூள் கண்ணுக்கே தெரியாது. பிளாக்கின் முகத்தில் திறந்திருக்கும் ஆயில் துளை பெரும்பாலான என்ஜின்களில் ஃபில்டரைத் தாண்டிய பக்கம். அதற்குள் விழுந்த தூள், ஃபில்டர் பக்கமே போகாமல் பேரிங்குக்குப் போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் புல்லட்டினிலேயே இந்த டிஸ்க்குகள் வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் இன்னமும் இதை வேலை சீக்கிரம் முடிகிற வழியாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இன்னொன்று, அலுமினிய ஹெட் மிருதுவானது. டிஸ்க் ஒரே இடத்தில் சில விநாடி நின்றாலே அங்கே பள்ளம் விழும். நார் கலந்து செய்த பழைய காம்போசிட் கேஸ்கட் சின்னக் குறைகளை விழுங்கிக்கொள்ளும். இப்போது வருகிற பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் விழுங்காது.

நாங்கள் செய்வது மெதுவான வேலை. சிலிண்டருக்குள் துணி, துளைகளில் டேப். கேஸ்கட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுப்போம். ரொம்பப் பழைய வண்டி என்றால் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை உலர்ந்தபடி சுரண்டவோ காற்றடிக்கவோ கூடாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் பிரேக் கிளீனரில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு வராமல் போகும் வரை துடைப்போம்.

சமதளம் பார்க்காமல் ஹெட்டை ஏற்றாதீர்கள். ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேர் விளிம்புள்ள எஃகுப் பட்டையை) நான்கு ஓரங்களிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வையுங்கள். பல சிறிய கார்களுக்கு வளைவின் எல்லை 0.05 மி.மீ., உங்கள் என்ஜினின் அளவை மேனுவலில் பாருங்கள். அதைவிடத் தடிமனான ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் ஹெட் ஃபேசிங்குக்கு, அதாவது மெஷினில் முகத்தைச் சமப்படுத்தத்தான் போக வேண்டும். கண்ணாடி மேல் எமரி ஷீட் வைத்துத் தேய்ப்பது தீர்வாகாது.

கடைசியாக போல்ட் துளைகள். அடி மூடிய துளையில் கூலண்டோ ஆயிலோ தேங்கி நின்றால், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமில்லை. முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லிவிடும், ஆனால் ஹெட் சரியாக இறுகியிருக்காது. சில நேரம் பிளாக்கே விரிசல் விடும். கம்பியில் துணி சுற்றி ஒற்றி எடுங்கள். காற்றடிப்பதானால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பழைய கூலண்ட் நேராக முகத்தில்தான் தெறிக்கும்.