வந்ததுக்கு ஒரு ரவுண்டு

காலை ஒன்பதே முக்கால் மணி. தோவாளைக்குப் பக்கத்தில், கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல். குட்டி விமானங்களையும் ட்ரோன்களையும் பறக்கவிட ஆறரை மணிக்கு ஆரம்பித்த எங்கள் கூட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாதிப் பேர் விமானங்களின் இறக்கையைக் கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கட்டன் சாயாவும் பழ பஜ்ஜியுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் திருநெல்வேலி நண்பர் வந்து சேர்ந்தார். வழியில் டயர் பஞ்சராகிவிட்டதாம். இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவரே கட்டிய ரேடியோ கண்ட்ரோல் விமானம் பின் சீட்டில் போர்வைக்குள் இருந்தது.

"காத்து கொஞ்சம் இருக்கு போல அண்ணே. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரே ஒரு ரவுண்டு விட்டுட்டுப் போயிடுறேன்" என்றார்.

சரி என்றேன். கம்பத்தில் கட்டியிருந்த துணி தொங்காமல் விறைப்பாகப் படபடத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

எதிர்க்காற்றில் விமானம் அழகாக ஏறியது. திருப்பி, காற்று பின்னாலிருந்து தள்ளும் திசைக்கு வந்ததும் தரைக்கு மேலே அது பாய்ந்து ஓடுவதுபோல் தெரிந்தது. நண்பர் பதறிப்போய் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். புதிதாகப் பழகுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற தவறு இது. விமானத்தைத் தாங்குவது, தரையை வைத்து நம் கண் கணிக்கும் வேகம் அல்ல. இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம்தான் தாங்குகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ள, தரைக்கு மேலே 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்தின் இறக்கைக்குக் கிடைப்பது வெறும் 25. அதிலும் குறைத்தால் தாங்காது. ஒரு பக்க இறக்கை சாய்ந்தது, மூக்கு கீழே திரும்பியது, 1.3 கிலோ எடையுள்ள விமானம், நிறுத்தி வைத்திருந்த பைக்குகளுக்கு நடுவே வந்து விழுந்தது.

அங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சாயா கிளாஸோடு நின்றிருந்தான். விழுந்த இடம் அவனிடமிருந்து இரண்டு முழம். விமானத்தின் உடைந்த விசிறியின் ஒரு துண்டு பக்கத்து பைக்கின் டேங்க் கவரில் குத்திக்கொண்டு நின்றது. சூடான சாயா கையில் கொட்டியதுகூட அவனுக்குத் தெரியவில்லை, கிளாஸை விடாமல் பிடித்திருந்தான். அவன் அப்பா ஓடிவந்தார். யாரையும் ஏசவில்லை. பையனின் மணிக்கட்டைப் பிடித்தவர் கிளம்பும்வரை விடவே இல்லை.

நான் நாகர்கோவிலில் ட்ரோன் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிக் கூடுவது எங்களுக்குப் பழக்கம். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் அதிகமுள்ள நாடுகளில், வார இறுதியில் ஏதாவது ஒரு சின்ன ஓடுபாதையில் பறந்து வந்து இறங்குவார்கள். ஒன்றாகச் சாப்பிடுவார்கள், பேசுவார்கள், திரும்பப் பறந்து போவார்கள். ஃப்ளை-இன் என்று அதற்குப் பெயர். நம் மாவட்டத்தில் விமான ஓடுபாதை கிடையாது. நாங்கள் பைக்கிலும் காரிலும்தான் வருகிறோம், பறப்பது நாங்கள் தூக்கிவரும் குட்டி விமானமும் ட்ரோனும். ஆனாலும் அந்தப் பெரிய விமானிகளை வீழ்த்துகிற அதே மனநிலை எங்களிடமும் உண்டு. வானிலை கெட்டாலும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடத் துடிக்கும் மனம் அது. விமானப் பயிற்சியிலேயே இதைத் தனியாகச் சொல்லி எச்சரிப்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் அது 'வந்ததுக்கு ஒரு ரவுண்டு' என்று வெளியே வருகிறது.

அன்றைக்குப் பிறகு கூட்டம் நடத்தும் முறையை நிறைய மாற்றினோம். உங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்து இப்படிக் கூட நினைத்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட இடம் தேடும்போது கிடைக்கும் வாசல்களில் ஒன்று ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுதான். மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கூட்டம் வைக்கவே வேண்டாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே 'கொஞ்சம்தான் கூடியிருக்கு' என்ற பேச்சை நம்பாதீர்கள். மலையை ஒட்டிய இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மலையைத் தாண்டி இறங்கும் காற்று நேராக வராமல் சுருண்டு புரண்டு வரும். தரையில் நிற்கும் நமக்கு அமைதியாகத் தெரியும், முப்பது மீட்டர் உயரத்தில் விமானம் தூக்கி எறியப்படும்.

எங்களுக்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. கும்பப்பூ அறுவடை முடிந்த வயல் அப்போது காய்ந்து கிடக்கும், அறுத்த நெல்தாள் மெத்தைபோல் இருக்கும், விழுந்தாலும் விமானம் அதிகம் உடையாது. வரப்பில் மட்டும் சக்கரம் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று எழும்பிவிடும். கையடக்கக் காற்றுமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். மணிக்கு 15 கிலோமீட்டர் தாண்டினால் புதியவர்கள் இறக்கிவிட வேண்டும். 25 தாண்டினால் யாருக்கும் அனுமதியில்லை, முப்பது வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும் சரி. இது சட்டம் சொல்லும் எண் இல்லை. எங்கள் விமானங்களின் அளவைப் பார்த்து நாங்களே வைத்துக்கொண்ட எண்.

அடுத்தது ஆட்கள் எங்கே நிற்பது என்பது. அந்தப் பையன் விஷயத்தில் காற்றைவிடப் பெரிய தவறு இதுதான். பைக்குகளை நிழல் பார்த்து நிறுத்தியிருந்தோம், அந்த நிழல் விமானம் திரும்பும் வழிக்கு நேர் கீழே இருந்தது. இப்போது முதல் வேலையாக வயலில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுகிறோம். பறக்கவிடுபவர்கள் கோட்டின் மேல் நிற்பார்கள். விமானமோ ட்ரோனோ கோட்டுக்கு முன்னால் மட்டும்தான் பறக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள், வண்டிகள், சாயாப் பாத்திரம் எல்லாம் கோட்டுக்கு முப்பது மீட்டர் பின்னால். கோடு கிழக்கு மேற்காக இருந்து, நாம் வடக்குப் பார்த்து நின்றால் நல்லது. அந்த மாதங்களில் காலைச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும், கண் கூசாது. வெயிலுக்குள் போன விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் எத்தனையோ பேர் விமானத்தைத் தொலைத்திருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றி நிறையத் தவறான பேச்சு உலவுகிறது. ட்ரோன் விதிகள் 2021-இன்படி, பொழுதுபோக்குக்காக 2 கிலோ வரை எடையுள்ள ட்ரோனை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. இதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எந்த விதியும் நமக்கில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அரசின் வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். 250 கிராமுக்கு மேல் எடை இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவு எண் இல்லாத ட்ரோனை எங்கள் கூட்டத்தில் பறக்க விடுவதில்லை.

"நம்ம மாவட்டத்துல ஏர்போர்ட்டே இல்லையே சார், எங்க வேணும்னாலும் விடலாம்லா?" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தைச் சுற்றிய 12 கிலோமீட்டர் கட்டுப்பாட்டு வட்டம் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைக்கூட எட்டாது என்பது உண்மை. ஆனால் மண்டலம் விமான நிலையத்தை வைத்து மட்டும் வருவதில்லை. பக்கத்து மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் மையம் இருக்கிறது. எந்த வட்டம் எங்கே முடிகிறது என்பதை ஊகிக்காமல் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பாருங்கள். முதல் நாள் பார்த்தது போதாது, அன்று காலையிலும் பாருங்கள். தலைவர்கள் யாராவது கன்னியாகுமரிக்கு வந்தால் தற்காலிகத் தடை போட்டுவிடுவார்கள். 2024 மே கடைசியில் பிரதமர் விவேகானந்தர் பாறையில் தங்கியிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளிலும் முக்கடல் சங்கமத்துக் கூட்டத்தின் தலைக்கு மேல் ட்ரோன் விட வேண்டாம் என்றே சொல்வேன்.

நிலத்துக்காரரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டாலும் போதாது, எழுதி வாங்குங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு நாள், நேரம், இடம், பொறுப்பாளரின் போன் நம்பர் எழுதி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். யாராவது 'வானத்துல என்னமோ பறக்கு' என்று போன் செய்தால் அவர்களிடம் பதில் இருக்கும்.

இடம் பார்க்கும்போது குளங்களை விட்டுவிடுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. எங்களுக்குக் காற்று வாய்க்கும் மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் அங்கே இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் ஒரு கூட்டத்தை ஒரே ஒரு ட்ரோன் எழுப்பி விரட்டிவிடும். நல்ல வீடியோ கிடைக்கும் என்று ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. வேண்டாம். வயலிலும் செம்பருந்து வட்டமிட்டால் இறக்கிவிட்டுக் காத்திருங்கள். அது ட்ரோனைத் தன் எல்லைக்குள் வந்த எதிரியாக நினைத்துப் பாயும், விசிறியில் அடிபடும்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அதற்கும் இதே விதிதான், எல்லாம் உடனே கீழே. ஆள் ஏறிய எந்த விமானத்துக்கும் ஆளில்லா விமானம் வழிவிட வேண்டும் என்பது சட்டம். நம் கடற்கரைக்காரர்களுக்கு இதற்குச் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஒக்கிப் புயலின்போது கரையில் நின்று ஒவ்வொரு ஹெலிகாப்டர் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தவர்கள் அவர்கள். தேடிப் போகிற ஒரு ஹெலிகாப்டரை நம் பொம்மை ஒரு நிமிடம்கூடத் தாமதப்படுத்தக் கூடாது.

பேட்டரி பற்றி அவசியம் சொல்ல வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். பறக்காத நாட்களில் 3.8 அளவில் வைக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியை 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும்' என்று மாட்டாதீர்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் போடும் இடத்தில் காய்ந்த தாளோ சருகோ இருக்கக் கூடாது, ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்று விவசாயியைக் கேட்டால் தெரியும். அப்புறம், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். என்னிடம் வந்த மாணவர்களில் இரண்டு பேரின் ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது.

ட்ரோனின் கேமரா படத்தைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டும் எஃப்பிவி பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒருவர் வீடியோவை ஆன் செய்தால் அதே சேனலில் பறந்துகொண்டிருப்பவரின் படம் அணைந்துவிடும், அவர் குருடாகிவிடுவார். அதனால் ஒரு அட்டையில் சேனல் எண்களை எழுதி, ஒவ்வொன்றிலும் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறோம். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் அந்தச் சேனலைத் திறக்கலாம். பக்கத்தில் ஒருவர் வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இத்தனையும் இருந்தாலும், நிறுத்து என்று சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. அவர் அன்றைக்குத் தன் விமானத்தைக் கொண்டு வரக்கூடாது. கையில் விமானம் இருந்தால் அவருக்கும் ஒரு ரவுண்டு ஆசை இருக்கும், மற்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. அன்று தோவாளையில் என் விமானம் காருக்குள் இருந்தது. நான் மூன்று ரவுண்டு விட்டிருந்தேன். அந்த நண்பரிடம் உனக்கு மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தத் தயக்கம்தான் 'சரி' என்று வந்தது. இப்போது முறை வைத்துப் பொறுப்பேற்கிறோம். வயது, அனுபவம் எதுவும் பார்ப்பதில்லை. அவர் விசில் ஊதினால் ஊதியதுதான். ஏன் என்று கேட்பதை இறக்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தாமதமாக வருகிறவர்களுக்கும் வழி வேண்டும். காற்று எழும்பிய பிறகு வந்தால் பறக்க முடியாது, ஆனால் வந்தது வீணாகவும் கூடாது. அதனால் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சாப்பாடும் பேச்சும் என்று மாற்றினோம். புட்டும் பயறும், சீசன் இருந்தால் அக்கானி என்னும் பதநீர். கட்டிய விமானங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது, உடைந்த இறக்கையை ஒட்டுவது, பெட்டி பெட்டியாக உதிரிபாகம் மாற்றிக்கொள்வது எல்லாம் அப்போதுதான். பறக்கவிட முடியாமல் போனவரைச் சுற்றித்தான் அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்குத் திருநெல்வேலி நண்பரை முதல் நாள் சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறேன். இறக்கையைப் புதிதாகச் செய்துவிட்டாராம். அந்தப் பையனும் அப்பாவோடு வருகிறான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றுமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. விசில் இந்த முறை அவன் அப்பாவிடம்.