மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிசல்: ஒரே பாறை, இரண்டு மண்

கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் காட்டைத் தோண்டிக்கொண்டே போனால் முதலில் வெள்ளைச் சுண்ணாம்பு முடிச்சுகள் தட்டுப்படும், அதற்கும் கீழே பாறை. கரிசல் என்றாலே எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மகாராஷ்டிரத்துக்கு அது பொருந்தும். அங்கே அடியில் கிடப்பது அந்தக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. நம் தென்மாவட்டங்களில் கரிசலுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் பாறை. பக்கத்து மேட்டில் செம்மண்ணாகிக் கிடப்பதும் அதே வகைப் பாறைதான்.

வேறுபாட்டைத் தீர்மானிப்பது தண்ணீர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசான அமிலமாகிப் பாறைக்குள் கசிகிறது. பாறையிலுள்ள கருப்புக் காக்காப்பொன்னில் (மைக்கா) இருக்கும் இரும்பு துருப்பிடித்து உப்ப, பாறை நெகிழ்ந்து சரளையாகிறது. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) அமிலத்துக்கு அசையாது. அதுதான் பின்னால் மணல். ஃபெல்ட்ஸ்பார் கனிமமோ சிதைந்து களிமண்ணாகிறது. எந்தக் களிமண் என்பதில்தான் கதையே இருக்கிறது.

மேட்டில் பெய்த நீர் நிற்பதில்லை. கால்சியம், மக்னீசியம், சிலிக்காவில் ஒரு பங்கு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. மிஞ்சுவது கயோலினைட் என்ற களிமண், கூடவே சிவந்த இரும்பு ஆக்சைடு. பள்ளத்தில் நிலைமை தலைகீழ். மேட்டிலிருந்து கரைந்து வந்ததும் அங்கேதான் தேங்கும். கோடையில் நீர் ஆவியாகிவிட, சரக்கு தங்கிவிடும். அந்தச் செறிவில் உருவாவது மான்ட்மோரில்லோனைட் என்ற வேறொரு களிமண். மீந்த கால்சியம்தான் அந்தச் சுண்ணாம்பு முடிச்சுகள்.

கருப்பு நிறத்தைப் பார்த்து உரச்சத்து என்று ஏமாற வேண்டாம். கரிசலில் அங்ககக் கார்பன் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. இருக்கும் கொஞ்ச மட்கு களியோடு இறுகப் பிணைந்திருப்பதால்தான் அவ்வளவு கருப்பு. தழைச்சத்து போடாமல் பருத்தி தேறாது.

கயோலினைட்டின் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகியவை, இடையில் நீர் நுழையாது. மான்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகளுக்கு இடையில் பிடிப்பு தளர்வு; நீர் புகுந்து அவற்றைத் தள்ளிப் பிரிக்கும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்பில் உதிர்ந்து விழுந்து, மழையில் மறுபடி உப்பும்போது அடியிலிருந்து பக்கவாட்டில் நெருக்கப்படும். தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் மண் இது. முதல் மழை வெடிப்பு வழியே கடகடவென்று இறங்கும். வெடிப்பு மூடிவிட்டால் மணிக்கு ஓரிரு மில்லிமீட்டர் இறங்குவதே பெரிது. மீதி ஓடிவிடும், கலப்பையும் இறங்காது. மானாவாரிக் கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது இதனால்தான்.

வீடு கட்டுபவருக்கு இந்த உப்பல்தான் தலைவலி. சோதனை எளிது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவு ஜாடிகளில் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெய் அடுக்குக்குள் புகாது, ஆகவே அது உப்பாத அளவு. அங்கே 12 மில்லி, நீரில் 24 மில்லி என்றால் உப்பல் 100 சதவீதம். 50-க்குக் கீழ் என்றால் பெரிய பயமில்லை. 100-ஐத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போடக் கூடாது.

மண் முழுவதும் ஒரே சீராக உப்பினால் வீடு தாங்கிக்கொள்ளும். ஓரத்தில் கூரைத் தண்ணீர் விழுந்து ஊற, நடுவில் காய்ந்தே கிடப்பதுதான் சிக்கல். குளியலறைக் குழாய்க் கசிவும் சுவரோர மரமும் இதே வேலையைச் செய்யும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலைப் பூசி மறைத்தால் அடுத்த மழைக்கு மறுபடி தெரியும். நம் நாட்டுக் கரிசலில் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுவது சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை. அதற்குக் கீழே குமிழ் உட்காரும்படி, அடி குமிழாக விரிந்த பைல் என்ற கான்கிரீட் தூணை இறக்குவார்கள். குமிழின் விட்டம் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. பைல்களை இணைக்கும் உத்திரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் இடைவெளி விடுவது முக்கியம். அதை மறந்து உத்திரத்தை மண்மேலேயே வார்த்துவிட்டால், உப்பும் மண் பைலை விட்டுவிட்டு உத்திரத்தைத் தூக்கும்.