ஹெட் போகவில்லை, மாமா

சிம்மக்கல்லில் இருக்கும் என் மாமா 1987-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது ஒரு சிடி பிளேயரும் கூடவே வந்தது. இன்றைக்கும் அதில்தான் பாட்டுக் கேட்கிறார். போன வருஷம் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, பாட்டுக்கு அடியில கர்ருன்னு ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டு கடையில காட்டிட்டேன், ஹெட் போச்சுங்கிறாங்க. இந்த ஹெட்டுக்கு இப்ப நான் எங்க போறது?"

ஹெட் என்பது வட்டை லேசரால் படிக்கும் பாகம். பழைய பிளேயரில் எது கெட்டாலும் முதல் பழி அதன்மேல்தான் விழும். ஆனால் ஹெட் பலவீனமானால் சத்தம் இப்படி வராது. வட்டில் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது: நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 65,536 படிகளில் (இதைத்தான் 16 பிட் என்பார்கள்) ஏதோ ஒன்று. லேசரின் வேலை அந்த எண்களைக் குறிக்கும் நுண்குழிகளின் விளிம்பைக் கண்டுபிடிப்பது மட்டுமே. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும், விளிம்பு எது என்று பிடிபட்டுவிட்டால் அதே எண் அப்படியே வந்துவிடும். சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறலைக்கூட பிழை திருத்தும் ஏற்பாடு முழுசாகச் சரிசெய்துவிடும். அதையும் தாண்டினால் டிக் டிக் என்று வெட்டும், பாட்டு குதிக்கும், இல்லையென்றால் நின்றே போகும். பாட்டுக்கு அடியில் ஒரே சீராக ஓடும் 'கர்ர்' அங்கிருந்து பிறக்க வழியில்லை.

அப்படியானால் எங்கிருந்து? காதை மட்டும் நம்பி இதைச் சொல்ல முடியாது. அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இதற்கு லட்ச ரூபாய்க் கருவி தேவையில்லை. 24 பிட்டில், நொடிக்கு 96,000 மாதிரிகள் எடுக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று, ஒரு லேப்டாப், நாமே கணினியில் உருவாக்கி எழுதிய சோதனை வட்டு, இவை போதும். சவுண்ட் கார்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே கொடுத்து முதலில் அதை அளந்துவிட வேண்டும். அளவுகோலின் குறை தெரியாமல் பிளேயரின் குறையைச் சொல்லக் கூடாது. பெரும்பாலான சிடி பிளேயர்கள் முழு அளவில் 2 வோல்ட் தரும். கார்டு அதைத் தாங்காமல் அலையின் தலையை வெட்டிவிட்டால், பிளேயர் செய்யாத தப்பெல்லாம் பிளேயரின் கணக்கில் சேரும்.

சோதனை ஒலிக்கு 1000 ஹெர்ட்ஸ் எடுக்காமல் 997 ஹெர்ட்ஸ் எடுப்பது வழக்கம். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும்போது, 1000 ஹெர்ட்ஸ் அலை 441 மாதிரிகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும். அதாவது 65,536 படிகளில் அதிகபட்சம் 441 படிகளைத்தான் தொட்டுப் பார்க்கிறோம். 997 ஒரு பகா எண்; அது 44,100-ஐ வகுக்காது. அதனால் முழுதாக ஒரு நொடி ஓடிய பிறகுதான் அதே வரிசை திரும்பும். படிக்கட்டில் பல்லாயிரம் படிகளை மிதித்துப் பார்த்த மாதிரி ஆகும். இப்படி ஒரு சின்ன எண்ணில் இத்தனை யோசனை இருப்பதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரைச்சலை அளக்க அமைதியான தடம் ஒன்றை ஓட்டினால் போதுமே என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. தொடர்ந்து சுழியமாகவே வந்தால் சில பிளேயர்கள் வெளியீட்டையே அடைத்துவிடும். அளவு பிரமாதமாக வரும், ஆனால் அது வாயை மூடிக்கொண்ட ஆளின் குரல்வளத்தை அளந்த கதை. அதனால் முழு அளவைவிட 60 டெசிபல் தாழ்ந்த ஒலியை ஓட்டுவார்கள். 20 டெசிபல் குறைந்தால் வோல்டேஜ் பத்தில் ஒன்று. 60 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று, 2 மில்லிவோல்ட். பிளேயர் விழித்திருக்கும், ஒலியும் சின்னது. அந்த ஒலியை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் குப்பை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முழு அளவுக்கும் இந்தக் குப்பைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வீச்சு. 16 பிட்டுக்குக் கணக்குப்படி அதன் உச்சம் சுமார் 98 டெசிபல்.

இரவு பதினோரு மணிக்கு மேல் அளந்தோம். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்கம்பியில் குப்பையைக் கொட்டும் என்பதால் ஃபேனையும் நிறுத்தியாயிற்று. மதுரை மே மாதத்தில் அது சாதாரணத் தியாகமில்லை. மாமா துண்டால் விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் திரையில் முதலில் 50 ஹெர்ட்ஸில் ஒரு முள் எழுந்து நின்றது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், முள் மறைந்தது. இரண்டு கருவிகளும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடும்போது வரும் சுற்று அது. பிளேயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 100, 200, 300 ஹெர்ட்ஸ் முட்கள் மட்டும் அசையவில்லை. 100-இல் இருந்த முள் முழு அளவைவிட 58 டெசிபல்தான் தாழ்வு, அதாவது 2.5 மில்லிவோல்ட். சோதனை ஒலியைவிடவே பெரியது!

100 என்ற எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் ஒவ்வொரு சுற்றின் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் நொடிக்கு 100 மேடுகள் வரும். அந்த மேடுபள்ளத்தை நிரவுவது மின்வழங்கியில் இருக்கும் பெரிய கண்டென்சர்கள். கண்மாய் மாதிரிதான்: மேட்டில் நிரப்பிக்கொண்டு பள்ளத்தில் திறந்துவிடும். உள்ளே இருக்கும் திரவம் காயக் காய கண்மாயின் கொள்ளளவு குறையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகைக் கண்டென்சரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. மாமா அந்தப் பிளேயரைச் சூடான ஆம்ப்ளிஃபயரின் தலையில்தான் இத்தனை வருஷமும் வைத்திருந்தார்.

இரண்டு கண்டென்சரையும் கழற்றி, 105 டிகிரி தாங்கும் புதியவற்றை ஈயம் வைத்துப் பொருத்தினேன். மறுபடி அளந்தால் 57 டெசிபலாக இருந்த வீச்சு 90 ஆகியிருந்தது.

அதோடு எழுந்துவிட மனசு வரவில்லை. கர்ர் போன பிறகுதான் அதற்கு அடியில் இருப்பது தெரியும். மெல்லிய இரைச்சல் தூவிய 997 ஹெர்ட்ஸ் ஒலியை 60, 70, 80, 90 டெசிபல் என்று தாழ்த்திக்கொண்டே போனேன். இடது பக்கம் சொன்னபடி இறங்கியது. வலது பக்கம் 90-இல் இறங்காமல் 88-இலேயே நின்றது.

எண்ணை வோல்டேஜாக்கும் அந்தக் காலத்துச் சிப், படிக்கல் வைத்து நிறுப்பது போல வேலை செய்கிறது. மொத்தம் 16 கல், ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை நிறுக்க இப்படி ஒரு செட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய கல் 1 கிராம் என்றால் மிகப் பெரியது 32 கிலோ 768 கிராம். அலையின் சுழியம் இந்த மொத்த எடையின் நடுவில் இருக்கும். அலை அதைக் கடந்து மேலேறும் ஒவ்வொரு முறையும் பதினைந்து சின்னக் கற்களையும் எடுத்துவிட்டு அந்தப் பெரிய கல் ஒன்றை வைக்க வேண்டும். அதில் 1 கிராம் பிசகினால் சின்னக் கல்லுக்கு அர்த்தமே போய்விடும். பெரிய சத்தத்தில் இந்தப் பிசகு தெரியாது. வீணை நாதம் தேய்ந்து மறையும் இடத்தில், தம்புரா அடங்கும் இடத்தில்தான் தெரியும், ஏனென்றால் சின்ன அலைகள் சுழியத்தைச் சுற்றியேதான் வாழ்கின்றன.

88-க்கும் 90-க்கும் நடுவே இருப்பது சுமார் 16 மைக்ரோவோல்ட். அதற்காக அந்தச் சிப்பைத் தொடவில்லை. சோதனைக் கோப்புகளைத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். பிளேயர் இப்போது ஆம்ப்ளிஃபயரை விட்டு இறங்கித் தனிப் பலகையில் இருக்கிறது. அடுத்த மே மாதம் அதே வட்டை, அதே கம்பியில், அதே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துண்டோடு பக்கத்தில் உட்காருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.