ஹீரோயின்: சொல்லுக்கு முழுப் பொருத்தமானவள் கண்ணகி

கிரேக்க மொழியில் ‘ஹீரோஸ்’ என்பதன் பெண்பால்தான் ஹீரோயின். லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் சினிமாவில் நாயகனுக்கு ஜோடியாக வருபவர்தான் நினைவுக்கு வருகிறார். பழைய கிரேக்கர்களுக்கோ, இறந்த பின் படையலிட்டு வணங்கப்பட்ட ஆணும் பெண்ணுமே ஹீரோக்கள்.

நாம் சொல்லும் ‘கதாநாயகி’ வடமொழியிலிருந்து வந்தது. நாயகி என்றால் நடத்திச் செல்பவள். தமிழ்ச் சொல் தலைவி. தொல்காப்பியத்தில் கிழத்தி என்றும் வரும். காதலைப் பாடும் பழந்தமிழ் அகப்பாடல்களில் இந்தத் தலைவிக்குப் பெயரே கிடையாது. ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி.

அப்புறம் சிலப்பதிகாரம் வருகிறது. புகாரில் கண்ணகி அதிகம் பேசுவதில்லை. பிரிந்த கணவன் திரும்பிவர, குளங்களில் மூழ்கிக் காமவேளை (மன்மதனை) தொழலாம் என்று தோழி தேவந்தி சொல்லும்போது, ‘பீடு அன்று’ என்கிறாள். அது பெருமையல்ல என்று அவ்வளவுதான் பதில். ஆனால் அவள் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. அவள்தான் மதுரை அவையில் ‘தேரா மன்னா’ என்று தொடங்குகிறாள். புறாவுக்காகத் தன்னையே தந்தவனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் சொல்லி, அப்படிப்பட்டவர்களின் புகார் என் ஊர் என்கிறாள். கணவன் கொலையுண்டதைச் சொல்லி, கடைசியில் ‘கண்ணகி என்பதென் பெயரே’ என்று முடிக்கிறாள். பெயரில்லாத தலைவியரைப் பாடிய மொழியில் ஒருத்தி, அரசன் முன்னால் தன் பெயரைத் தானே சொல்கிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

பின்னால் வந்த அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், பெருங்காப்பியத்துக்குத் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ வேண்டும் என்றது. இளங்கோவடிகளோ அந்த இடத்தில் ஒரு வணிகர் குலப் பெண்ணை நிறுத்தியிருந்தார்.

சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொண்டுவந்து அவளுக்குச் சிலை எடுத்ததாக வஞ்சிக் காண்டம் சொல்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் இன்றும் அவள் சினத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. சிங்களவர்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். கிரேக்கர்கள் எண்ணிய பொருளிலேயே அவள் ஹீரோயின்.

சரி, ஹீரோயினுக்குத் தமிழில் எதை எழுதுவது? திரைப்படத்துக்குக் கதாநாயகி நன்றாகவே பொருந்தும். காப்பியம், நாவல் என்றால் தலைவி என்றோ காப்பியத் தலைவி என்றோ எழுதலாம். ‘முதன்மைப் பெண் பாத்திரம்’ என்று நீட்டத் தேவையில்லை.