முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை

மரவள்ளிக் கிழங்கு முற்றும் மாதங்களில் விடிவதற்கு முன்னால் ஃபோன் அடித்தால், எடுப்பதற்குள்ளேயே பாதி விஷயம் எனக்குத் தெரிந்துவிடும். "டாக்டர், நம்ம நாயை முள்ளம்பன்றி எய்துடுச்சு." மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கால்நடை மருத்துவராக இருப்பவருக்கு இது பழகிப்போன வாக்கியம்.

முள்ளம்பன்றியால் எய்ய முடியாது. அதன் முள் தடித்து இறுகிய மயிர்தான். பயந்தால் தோலுக்கடியில் உள்ள தசை இறுகி முட்கள் நிமிரும். வேர்ப்பிடிப்பு லேசானது என்பதால் எதிராளியின் மேல் குத்தியதும் முள் கழன்று அங்கேயே நின்றுவிடுகிறது. உடம்பைச் சிலிர்க்கும்போது உதிரத் தயாராக இருந்த முட்கள் இரண்டொன்று தெறிக்கும். இருட்டில் பார்ப்பவருக்கு அது அம்பு மாதிரி தெரிந்திருக்கலாம். பழந்தமிழில் இந்த விலங்குக்கே 'எய்' என்று ஒரு பெயர் உண்டு. நம்பிக்கை அங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அது முதலில் எச்சரிக்கத்தான் செய்யும். வால் நுனியில் உள்ள உள்ளீடற்ற முட்களைச் சலங்கை போலக் குலுக்கும், காலைத் தரையில் உதைக்கும், உறுமும். அதற்கும் அடங்காத நாய்க்குத்தான் அடி. சட்டென்று திரும்பி, பின்பக்கமாகவே பாய்ந்து மோதும். காயம் செய்பவை நாம் வியந்து பார்க்கும் நீள முட்கள் அல்ல. அவற்றுக்கடியில் மறைந்திருக்கும் குட்டையான, தடித்த முட்கள். புலிக்கும் இதே கதிதான். உத்தராகண்டின் குமாவுன் மலையில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட முக்தேஸ்வர் ஆட்கொல்லிப் புலி, முள்ளம்பன்றியிடம் ஒரு கண்ணை இழந்து, முன்னங்காலில் ஏறக்குறைய 50 முட்களை வாங்கிக்கொண்ட பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்பியது.

சரி, நாய்க்குக் குத்திவிட்டது. என்ன செய்வது? முள்ளைக் கத்தரியால் நறுக்காதீர்கள். வெளியே நீட்டியிருப்பதுதான் எனக்குப் பிடிமானம். அமெரிக்க முள்ளம்பன்றியின் முள்ளைப் போல நம்முடையதற்குக் கொக்கி கிடையாது, நேராக இழுத்தால் வரும். ஆனால் வலியில் துள்ளும் நாயிடம் நேராக இழுப்பது எப்படி? நுனி உள்ளே ஒடிந்துவிடும். வீட்டிலேயே "எல்லாத்தையும் பிடுங்கிட்டோம்" என்று சொன்ன ஒரு கன்னி இன நாய்க்கு, மூன்று வாரம் கழித்துக் கழுத்தில் சீழ்க்கட்டி. கீறினால் உள்ளே விரல்கடை நீளத்துக்கு முள். நெஞ்சிலோ கண்ணருகிலோ குத்தியிருந்தால் தொடவே வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள், மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெயரில் பன்றி இருந்தாலும் இது எலி, அணிலின் உறவு. 10 கிலோவைத் தாண்டி வளரும் கொறிணி. வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்வதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். செத்த மாட்டின் எலும்பைக்கூட இழுத்து வந்து கடிக்கும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. வளை வாயில் எலும்பு கிடப்பதைப் பார்த்துச் சிறுத்தைக் குகை என்று ஊரே பயந்த கதை எங்கள் பக்கம் உண்டு.

அந்த வளைக்குள் பகலில் தூங்குவது ஒரு குடும்பம். ஆணும் பெண்ணும் பிரியாமல் சேர்ந்தே வாழும். குட்டி கண் திறந்தபடி, மெத்தென்ற முட்களோடு பிறக்கும். வெளிக்காற்றில் முள் சீக்கிரமே இறுகிவிடும். வளையில் புகை போடுகிறவர்கள் இவ்வளவையும் சேர்த்துத்தான் கொல்கிறார்கள். இழுப்புக்கு அதன் கறி நல்லது என்று இன்னும் சிலர் தேடுகிறார்கள். அதில் மருந்து எதுவும் இல்லை. வேட்டையாடினால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும்.

விவசாயியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரே இரவில் ஒரு பாத்திக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும், தென்னங்கன்றின் குருத்தைத் தின்றுவிடும். கம்பி வலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்து வேலி போட்டவர்களுக்கு நஷ்டம் குறைந்திருக்கிறது. மேலே மட்டும் கட்டினால் அடியில் தோண்டி வந்துவிடும். அப்புறம், கிழங்கு முற்றும் மாதங்களில் ராத்திரி நாயை அவிழ்த்து விடாதீர்கள். அந்தக் கன்னி நாயும் கட்டி ஆறியதும் மறுபடி காட்டுக்குள் ஓடி, மூக்கில் நான்கு முட்களோடு திரும்பி வந்தது.