தன்னெள்ளல்

கல்யாணப் பந்தியில் நெய்யோடு வந்தவரிடம், இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தபடி, "வேண்டாண்ணே, நான் கொஞ்சம் ஓவர் சைவம்" என்றார் என் நண்பர். மோருக்கும் அதே பதில். பாயச வாளி வந்ததும், "வர்றவங்களை எல்லாம் திருப்பி அனுப்பறதே எனக்கு வேலையாப் போச்சு" என்று அவர் சொல்ல, வரிசையே சிரித்தது. பால், தயிர், நெய் எதையும் தொடாத நனிசைவர் அவர்.

இப்படித் தன்னையே சிரிப்புக்குப் பொருளாக்குவதை ஆங்கிலத்தில் 'செல்ஃப் டெப்ரிகேஷன்' என்கிறார்கள். 'டெப்ரிகேட்' என்பதன் லத்தீன் வேர்ப்பொருள், வேண்டிக்கொண்டு ஒன்றை விலக்குவது. 'டிப்ரிஷியேட்' வேறு சொல், விலையைக் குறைப்பது. கணக்கில் தேய்மானம் என்று எழுதுகிறோமே, அதுதான். முன்பு 'செல்ஃப் டிப்ரிஷியேஷன்' இருந்த இடத்தில், ஒலி நெருக்கத்தால் மற்றது வந்து உட்கார்ந்துவிட்டது.

தமிழில் 'சுய எள்ளல்', 'சுயபகடி' என்று எழுதுகிறோம். எள்ளல் பழைய சொல். நகை எதிலிருந்து பிறக்கும் என்று சொல்லவந்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று அதைத்தான் முதலில் வைக்கிறது. யாரை எள்ளுவது என்று நூற்பா சொல்லவில்லை. தன்னையும் எள்ளலாம் அல்லவா? 'சுய' வடசொல். தன்னடக்கம், தன்னிரக்கம் என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் சொற்களைப் போல 'தன்னெள்ளல்' என்றால் சொல்லும்போதே பொருள் வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

'வீகன்' 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு இருந்தவர்களும் உண்டாக்கிய சொல். 'வெஜிடேரியன்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றும் கடைசி இரண்டும். தமிழில் நனிசைவம். நனி என்றால் மிகுதி. நண்பர் சொன்ன 'ஓவர் சைவம்' அதன் நேர்ப் பேச்சு வடிவம்தான்!

"ஒருத்தர் வீகன் என்று எப்படித் தெரியும்? அவரே சொல்லிவிடுவார்" என்று உலகம் முழுக்க ஒரு கிண்டல் உண்டு. நனிசைவர்கள் பலர் இதைத் தாங்களே சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார்கள். நம் தட்டைக் குறைசொல்ல வந்தவர் இல்லை என்று தெரிந்ததும் எதிரே இருப்பவரின் இறுக்கம் தளர்ந்துவிடும். லத்தீன் வேர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: வரப்போகும் வெறுப்பை முன்கூட்டியே விலக்குவது. ஆனால் எள்ளல் தன்னோடு நிற்க வேண்டும். மாட்டின் பாடு சிரிப்புப் பொருளானால் அது தன்னெள்ளல் ஆகாது. சொல்லவந்த விஷயத்துக்கே தேய்மானம்.

அன்று சிரிப்பு அடங்கியதும் பக்கத்து இலைப் பெரியவர், "ஏன் தம்பி, பாலில் என்ன பாவம்?" என்று கேட்டார். மாடு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும், பால் தராத காளைக்கன்று பல இடங்களில் வேண்டாத சுமையாகிவிடுகிறது என்று நண்பர் மெதுவாகச் சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை. பெரியவர் பாயசத்தைக் குடித்து முடித்தார். அப்புறம் கை கழுவப் போகும்போதும், "அந்தக் கன்றை என்னதான் செய்வாங்க?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.